துல்லிய ரைபிளுக்கு வீட்டில் தோட்டா நிரப்ப எந்த பிரஸ்? சிங்கிள் ஸ்டேஜ், டரட், புரோகிரசிவ்: ஓர் ஒப்பீடு

அமெரிக்காவில் நெடுந்தூர இலக்குச் சுடுதலில் இறங்கியவர்களுக்குச் சீக்கிரமே ஒரு கேள்வி வந்துவிடும். சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைத் தூக்கிப் போடுவதா, வீட்டிலேயே மறுபடி வெடிமருந்து நிரப்பிக்கொள்வதா? நிரப்புவதென்று முடிவெடுத்தால் அடுத்து எந்த பிரஸ் (கூட்டை அழுத்தி வேலை செய்யும் நெம்புகோல் கருவி) வாங்குவது என்ற வாக்குவாதம் ஆரம்பமாகும். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோக்கம் துல்லியம் என்றால் பிரஸ்ஸில் சிக்கனம் காட்டுங்கள், மருந்தை எடைபோடும் தராசில் காட்டாதீர்கள்.

அதற்கு முன் சட்டம். சொந்த உபயோகத்துக்கு நிரப்பிக்கொள்ள அமெரிக்கக் கூட்டரசு உரிமம் கேட்பதில்லை. விற்பதற்காகச் செய்தால் உற்பத்தியாளர் உரிமம் வேண்டும். மாநிலச் சட்டங்களைத் தனியாகப் பார்க்க வேண்டும். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருக்கும் நம்மவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வேட்டை உரிமம் போன்ற விதிவிலக்குகள் இல்லாவிட்டால் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருப்பதே அவர்களுக்குக் குற்றம். இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதை 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தடை செய்கிறது. ஆகவே இங்கே எழுதுவது அமெரிக்காவில் சட்டப்படி துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு மட்டும்.

வேலை என்னவோ ஒன்றுதான். சுட்ட கூட்டின் அடியில் இருக்கும் பழைய பிரைமரை (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) வெளியே தள்ளி, விரிந்த கூட்டைப் பழைய அளவுக்கு இறுக்கி, புது பிரைமர் பொருத்தி, மருந்து இட்டு, மேலே குண்டைப் பதிக்க வேண்டும். இந்தப் படிகளை எப்படிப் பிரித்துக்கொள்கிறது என்பதில்தான் மூன்று வகை பிரஸ்களும் வேறுபடுகின்றன.

சிங்கிள் ஸ்டேஜில் ஒரு சமயத்தில் ஒரு டை (கூட்டை இறுக்கவோ குண்டைப் பதிக்கவோ பயன்படும் அச்சு) மட்டும். ஐம்பது கூடுகள் இருந்தால் ஐம்பதையும் முதலில் இறுக்கி முடித்து, டையை மாற்றி, பிறகு ஐம்பதிலும் குண்டு பதிக்க வேண்டும். கலிபோர்னியாவின் ஓரோவில் நகரில் 1943இல் பிரெட் ஹண்டிங்டன் தொடங்கிய ஆர்சிபிஎஸ் நிறுவனத்தின் ராக் சக்கர் இந்த வகையில் எல்லோரும் அறிந்த பெயர். கனத்த வார்ப்பிரும்புச் சட்டம்; நெம்புகோலை முழு பலத்தோடு அழுத்தினாலும் வளையாது. விஸ்கான்சினின் லீ நிறுவனத்தின் கிளாசிக் காஸ்ட் அதைவிட மலிவு, வேலையில் குறை சொல்ல முடியாது.

இந்த வகையை நான் தூக்கிப் பிடிப்பதற்கு உறுதி மட்டும் காரணமில்லை. ஒவ்வொரு படியும் கைக்குத் தெரிகிறது. மசகு பூச மறந்த கூடு டைக்குள் ஏறும்போது நெம்புகோல் சட்டென்று கனக்கும். அங்கேயே நிறுத்தினால் கூடு டைக்குள் சிக்காமல் தப்பும். மசகு அதிகமானால் கூட்டின் தோளில் (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதி) சிறு பள்ளம் விழும். கூட்டை விளக்குக்கு எதிரே பிடித்துத் திருப்பினால் கண்ணுக்குத் தெரியும். பிரைமர் அதன் குழியின் அடியைத் தொடும் இடத்தை விரல் உணரும். பலமுறை சுட்ட கூட்டில் பிரைமர் எதிர்ப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் அந்தக் கூட்டுக்கு ஆயுள் முடிந்துவிட்டது. தொடக்கத்தில் கற்க வேண்டிய பாடங்கள் இவை. பல வேலைகள் ஒரே இழுப்பில் நடக்கும் இயந்திரத்தில் இந்த உணர்வுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

டரட்டில் ஒரு சுழலும் தலையில் எல்லா டைகளும் வரிசையாக நிற்கும். லீ கிளாசிக் டரட்டில் நான்கு, ரெடிங் டி-7இல் ஏழு. கூடு கீழே ஒரே இடத்தில் இருக்க, மேலே தலை சுழல்கிறது. சுழலும் பாகம் இருப்பதால் தலையில் மயிரிழை ஆட்டம் இருக்கும் என்பது இதன் மீதான பழைய குற்றச்சாட்டு. ஆனால் அந்த ஆட்டம் ஒவ்வொரு இழுப்பிலும் ஒரே திசையில், ஒரே அளவில் இருப்பதால் இலக்கில் அது தெரிவது அரிது. லீ டரட்டில் தானாகச் சுழற்றும் கம்பியைக் கழற்றிவிட்டால் அதுவே சிங்கிள் ஸ்டேஜ் போல வேலை செய்யும். கைத்துப்பாக்கித் தோட்டாவும் சேர்த்து நிரப்புபவர் இதைத் தாராளமாக வாங்கலாம்.

புரோகிரசிவ்வில் தட்டு சுழன்று கூடுகளை ஒவ்வொரு டைக்கும் கொண்டுபோகிறது. எல்லா நிலையும் நிறைந்தபின் ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு முழுத் தோட்டா விழும். அரிசோனாவின் டில்லன் நிறுவனத்தின் 550 நான்கு நிலை, தட்டைக் கையால் திருப்ப வேண்டும். 750 ஐந்து நிலை, தானே திரும்பும். 550இன் விலைக்கு இரண்டு ராக் சக்கர் வாங்கிவிடலாம். இவற்றில் துல்லியம் வராது என்று சிலர் அடித்துச் சொல்வதை நான் ஏற்கவில்லை. ரைபிள் போட்டியாளர்கள் பலர் டில்லனில்தான் கூடு இறுக்குகிறார்கள், குண்டு பதிக்கிறார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் மருந்தை மட்டும் வெளியே தனியாக எடைபோட்டு ஊற்றுகிறார்கள். கவனிக்க வேண்டிய இடம் அதுதான்.

நெடுந்தூரச் சுடுதலுக்குப் பயன்படும் 6.5 கிரீட்மூர் என்ற தோட்டா ரகத்தை எடுத்துக்கொள்வோம். அதற்கு வெகுவாகப் பயன்படும் எச்4350, ஆஸ்திரேலியாவில் தயாராகும் குச்சி மருந்து. பென்சில் கரியைப் பொடித்துண்டுகளாக நறுக்கியது போல இருக்கும். பிரஸ்ஸோடு வரும் அளவுப்பெட்டி மருந்தைக் கன அளவால் அளக்கிறது. அதன் அளவுக்குழி நகரும்போது விளிம்பில் மாட்டிய குச்சிகள் நறுக்கென்று உடைபடும். கைப்பிடியில் அந்த அதிர்வு தெரியும். ஒவ்வொரு முறையும் குச்சிகள் வேறு விதமாகப் படிவதால் எடை மாறுகிறது. இந்த ரகத்தில் மருந்து ஒரு கிரெய்ன் கூடினால் குண்டின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 50 முதல் 60 அடி வரை கூடும். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன் என்றால் ஒரு கிரெய்ன் எவ்வளவு சிறிது என்று பார்த்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 20 அடி வேக வேறுபாடு 100 யார்டில் ஒன்றும் செய்யாது. 1,000 யார்டில் குண்டைச் சுமார் ஐந்து அங்குலம் மேலோ கீழோ கொண்டுபோய்விடும். எந்த பிரஸ்ஸின் வார்ப்பிரும்பும் இதைத் திருத்தப் போவதில்லை.

அதனால் தராசுகளுக்கு இடையிலான போட்டிதான் எனக்கு முக்கியம். பழைய துலாக்கோல் தராசு மெதுவானது, மின்விசிறிக் காற்றுக்கே ஆடும். ஆனால் ஒழுங்காக நிறுத்தி வைத்தால் ஆண்டுக்கணக்கில் பொய் சொல்லாது. மலிவான டிஜிட்டல் தராசு வேகமாக எண் காட்டும். சூடேறும்போதும் அருகில் கைபேசி இருக்கும்போதும் அந்த எண் நகரக்கூடும் என்பதால் சோதனை எடைக்கற்களை அடிக்கடி வைத்துப் பார்க்க வேண்டும். சார்ஜ்மாஸ்டர் போன்ற தானியங்கி மருந்தைத் தானே எடைபோட்டு, 0.1 கிரெய்ன் கூடக் குறைய ஊற்றித் தரும். 600 யார்டு வரை இது தாராளம். உச்சியில் ஏ அண்ட் டி நிறுவனத்தின் FX-120i தராசு இருக்கிறது. 0.02 கிரெய்ன் வரை காட்டும், அதாவது ஏறக்குறைய ஒரே ஒரு குச்சி. விலையும் அதற்கேற்ப ஏறும்.

டையில் நீண்ட விவாதம் தேவையில்லை. கழுத்தை மட்டும் இறுக்கும் டைக்கு ஒரு காலத்தில் மவுசு இருந்தது. இன்று முழு நீள டையை வைத்து, கூட்டின் தோளை 0.002 அங்குலம் மட்டும் பின்னுக்குத் தள்ளுவதே பெரும்பாலோர் வழக்கம். தோட்டா துப்பாக்கியின் அறைக்குள் தடையின்றி ஏறும். கூடும் நீண்ட நாள் உழைக்கும். அந்த 0.002ஐ அளக்க ஒரு காலிப்பரும், தோள்வரை அளக்க அதில் மாட்டும் கம்பாரேட்டரும் கட்டாயம் வேண்டும்.

எந்த பிரஸ் வாங்கினாலும் மேசையில் ஒரு சமயத்தில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும். அளவுகளை மருந்து நிறுவனமும் குண்டு நிறுவனமும் வெளியிடும் கையேட்டிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். அதுவும் கீழ் அளவிலிருந்து தொடங்கி மெல்ல ஏற்ற வேண்டும். நண்பர் தந்த அளவு அவருடைய ரைபிளுக்கானது. பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். பிரைமர் கரியில் ஈயம் இருப்பதால் அந்த மேசையில் காபி கூடக் குடிக்காதீர்கள், குழந்தைகளை அண்ட விடாதீர்கள்.

கடையில் கிடைக்கும் மேட்ச் ரகத் (போட்டித் தரத்) தோட்டாவையும் இந்தப் போட்டியில் சேர்த்தாக வேண்டும். மாதம் ஒரு பெட்டி சுடுபவருக்கும் 300 யார்டைத் தாண்டாதவருக்கும் அதுவே சரி. கருவிகளுக்குப் போட்ட பணம் அவருக்குத் திரும்ப வெகுகாலம் ஆகும். துல்லியத்தில் கிடைக்கும் ஆதாயமும் அந்தத் தூரத்தில் கொஞ்சம்தான்.

600 யார்டுக்கு அப்பால் போக நினைப்பவர் ராக் சக்கரையோ லீ கிளாசிக் காஸ்ட்டையோ பழையதாகவே வாங்கலாம். நெம்புகோலைத் தூக்கி இறக்கி, நடுத்தண்டு பக்கவாட்டில் ஆடுகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். மிச்சப்பட்ட பணத்தில் நல்ல தராசு, நல்ல முழு நீள டை. வாரந்தோறும் நூற்றுக்கணக்கில் சுட்டுப் போட்டிகளில் இறங்கிய பிறகு டில்லன் வாங்குங்கள். அப்போதும் பழைய சிங்கிள் ஸ்டேஜை விற்க வேண்டாம். புது மருந்தோ புது குண்டோ சோதிக்கும்போது பத்துப் பதினைந்து தோட்டாக்களைத் தனித்தனியாக நிரப்ப அதுதான் வசதி.