‘இன்தெர்னாட்சியோனாலே’: ஒன்பது ஆண்டுச் சந்தாவுக்குப் பிறகு

இத்தாலியின் ரெஜ்ஜோ எமிலியா நகரில் இருக்கும் ஒன்றுவிட்ட தங்கை போன வாரம் போனில் கேட்டாள்: “அக்கா, மகள் லிச்சேயோவில், அதுதான் மேல்நிலைப் பள்ளியில், சேர்ந்துவிட்டாள். ‘இன்தெர்னாட்சியோனாலே’ வார இதழை வாசிக்கச் சொல்கிறார்களாம். நீங்கள் எத்தனையோ வருடமாக எடுக்கிறீர்களே, சந்தா கட்டலாமா?”

கட்டாதே என்றேன். அவள் திகைத்துப்போனாள். பார்க்கும்போதெல்லாம் அந்த இதழைப் புகழ்ந்து அவள் காதைத் துளைத்தவள் நான்தான். அவளுக்குச் சொல்லாமல் விட்ட காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

வெளிநாட்டுப் பத்திரிகைகளில் வந்த கட்டுரைகளைத் தேர்ந்து இத்தாலிய மொழியில் தரும் வார இதழ், வெள்ளிக்கிழமை வரும், 1993இல் ரோமில் தொடங்கியது என்பதெல்லாம் இங்கே வாழ்பவர்களுக்குத் தெரிந்ததுதான். எனக்கு அது கடை வழியாக வரவில்லை. பலெர்மோவில் நான் வேலை பார்த்த வீட்டில், ஓய்வு பெற்ற ஆசிரியையான சின்யோரா (வீட்டு அம்மாவை அப்படித்தான் அழைப்பேன்), வாசித்து முடித்த இதழ்களைச் சமையலறை மேசையின் ஓரத்தில் அடுக்கி வைப்பார். எடுத்துக்கொண்டு போ என்பார். முதலில் படங்களைப் பார்த்தேன். பிறகு தலைப்புகள். பிறகு அகராதியோடு ஒரு கட்டுரை, ஒரு வாரம் முழுக்க. 2016இல் சொந்தப் பணத்தில் சந்தா கட்டிய அன்று, இந்த நாட்டில் எனக்கென்று ஒரு தபால் வரப்போகிறது என்று அவ்வளவு சந்தோஷப்பட்டேன்.

இந்த இதழில் நான் மிக நேசிப்பது ஒரு சிறிய விஷயம். ஒவ்வொரு மொழிபெயர்ப்புக் கட்டுரையின் கடைசி வரிக்குப் பின்னால் இரண்டு மூன்று சிறிய எழுத்துகள் இருக்கும். மொழிபெயர்த்தவருடைய பெயரின் முதலெழுத்துகள். எழுதியவர் பெயரும் மூலப் பத்திரிகையின் பெயரும் நாடும் கட்டுரையின் தொடக்கத்திலேயே வந்துவிடும். அதன்பின் யாருடைய கைவழியாக அது இத்தாலிய மொழிக்கு வந்தது என்பதற்கு அந்த எழுத்துகள்தான் சாட்சி. முதல் ஓராண்டு அவற்றை அச்சகக் குறி என்றே நினைத்திருந்தேன். தெரிந்தபின் கடைசி வரியை முதலில் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. ஒருவர் நீண்ட வாக்கியத்தை அஞ்சாமல் நீட்டுவார். இன்னொருவர் எங்கே முடியுமோ அங்கே முற்றுப்புள்ளி வைப்பார். முகம் தெரியாத அவர்களில் நாலைந்து பேரை எனக்கு நடையால் தெரியும். என் இத்தாலிய மொழி அவர்கள் கொடுத்தது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். லஞ்சம் பற்றிய ஒரு கட்டுரையில், அமைச்சர் பணம் ‘அவ்ரெப்பே ரிசெவூத்தோ’ என்று இருந்தது. மாலை வகுப்பில் அந்த வினைவடிவத்தை, ‘கேட்டிருந்தால் வாங்கியிருப்பார்’ என்ற பொருளில்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆகவே அவர் வாங்கவில்லை, வாய்ப்புக் கிடைத்திருந்தால் வாங்கியிருப்பார் என்று புரிந்துகொண்டேன். கட்டுரை முழுவதும் குழம்பிப்போனது. சின்யோராவிடம் கேட்டேன். “வாங்கினார் என்று சொல்கிறார்கள், ஆனால் பத்திரிகை அதற்குக் கையெழுத்துப் போடவில்லை. அந்த வடிவத்துக்குச் செய்தியில் அதுதான் அர்த்தம்” என்றார்.

அப்போதுதான் மனத்தில் பளிச்சென்று விழுந்தது: வாங்கினாராம்! நம் மொழி ஓர் ‘ஆம்’ சேர்த்து முடித்துவிடுவதை அவர்கள் வினையை மாற்றிச் செய்கிறார்கள். பின்னாளில் சில கட்டுரைகளின் ஆங்கில மூலத்தை இணையத்தில் தேடி ஒப்பிட்டேன். ஆங்கிலத்தில் ‘குற்றம்சாட்டப்படுகிறது’, ‘தகவல்களின்படி’ என்று தனிச் சொற்களாக நிற்பவை, இத்தாலிய மொழியில் வினைக்குள்ளேயே கரைந்து போயிருந்தன. அதை எங்கே கரைப்பது, எங்கே ‘இன்னாரின் கூற்றுப்படி’ என்று வெளிப்படையாக வைப்பது என்று யாரோ ஒருவர் ஒவ்வொரு வரியிலும் யோசித்திருக்கிறார். அன்றிலிருந்து அந்த வடிவம் வரும் இடமெல்லாம் பென்சிலால் கோடிடுகிறேன்.

மொழியில் இவ்வளவு அக்கறை இந்த இதழுக்கு எங்கிருந்து வந்தது என்று தேடினால் ஒரு குடும்பம் தெரியும். ஆசிரியர் ஜொவான்னி தெ மவ்ரோவின் அப்பா துல்லியோ தெ மவ்ரோ பெரிய மொழியியல் அறிஞர். சுமார் 7,000 சொற்கள் கொண்ட இத்தாலிய அடிப்படைச் சொற்பட்டியலை 1980இல் தந்தவர். எளிய மனிதருக்கும் புரிகிற மாதிரி எழுதவேண்டும் என்று கடைசிவரை வாதாடியவர். 2017இல் இறக்கும்வரை உலகத்துப் பள்ளிக்கூடங்களைப் பற்றி இந்த இதழில் சிறு பத்தி எழுதிவந்தார். ஜொவான்னியின் பெரியப்பா மவ்ரோ தெ மவ்ரோ எங்கள் பலெர்மோவின் மாலைப் பத்திரிகை ‘லோரா’வில் செய்தியாளர். மாஃபியாவைத் துணிந்து எழுதிய பத்திரிகை அது. 1958இல் அதன் கட்டடத்தில் குண்டு வைத்தார்கள். மவ்ரோவை 1970 செப்டெம்பர் 16ஆம் தேதி அவர் வீட்டு வாசலில் கடத்திச் சென்றார்கள். உடல்கூடக் கிடைக்கவில்லை. சின்யோரா இதைச் சொன்னபோது இதழை மூடி, அட்டையின் மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னார்.

‘இதாலியேனி’ என்றொரு சிறு பகுதி உண்டு. ‘இத்தாலியானி’யையும் அந்நியரைக் குறிக்கும் ‘அலியேனி’யையும் கோத்த பெயர். இத்தாலியத் திரைப்படங்களைப் பற்றி இங்கே பணிபுரியும் வெளிநாட்டுச் செய்தியாளர் எழுதுவது. எங்களைப் போல வெளிநாட்டிலிருந்து வந்தவர்களை இத்தாலியர்கள் மதிப்பிட்டு எழுதுவதையே வாசித்துப் பழகிய எனக்கு அந்தப் பகுதி ஆறுதல். ராப் பிரெஸ்னியின் ராசிபலன் எனக்குப் பிடிக்காது, சின்யோராவுக்கு உயிர். அதை விட்டுவிடுகிறேன்.

இனி என் கோபம். இதழ்மீது அல்ல, அதை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பவர்கள்மீது. வெள்ளிக்கிழமை இதழ் எனக்குச் செவ்வாயில் வரும், புதனில் வரும். சில வாரம் வியாழனில் வரும். மறுநாள் அடுத்த இதழ் கடையில் தொங்கும். இரண்டு இதழ்கள் ஒன்றாக வந்த வாரங்கள் உண்டு, வராமலே போனவையும் உண்டு. முறையிட்டால் மன்னிப்புக் கேட்டு, தேதியை நீட்டித் தருகிறோம் என்பார்கள். நான் கேட்டது தேதியையா? அந்த வாரத்தை அல்லவா கேட்டேன்!

இந்த ஜனவரியில் ஒரு மழைநாளில் அடுக்ககக் கதவின் கைப்பிடியில் செருகிவிட்டுப் போய்விட்டார்கள். உறை கிழிந்து, பாதி இதழ் ஊறிவிட்டது. பால்கனிக் கொடியில் துணிக் கிளிப் போட்டு இரண்டு நாள் உலர்த்தினேன். தாள்கள் அலையலையாக நெளிந்தன. ஒட்டிக்கொண்ட இரண்டு பக்கங்களை மெதுவாகப் பிரித்தேன். ஒரு நீண்ட கட்டுரையின் கடைசி மூலை பிய்ந்து எதிர்ப்பக்கத்தோடு போய்விட்டது. முழுக்க வாசித்தேன், அருமையான கட்டுரை. யார் மொழிபெயர்த்தார் என்பது மட்டும் தெரியவில்லை. அழுகை வந்துவிட்டது.

திறன்பேசியில் வாசிக்கலாமே என்பார்கள். வாசிக்கலாம்தான், பென்சிலுக்கு அங்கே இடமில்லை. வாரம் ஒன்று என்பதும் எனக்கு அதிகம் என்று ஒப்புக்கொள்ளவேண்டும். வாசிக்காத இதழ்கள் கட்டிலடியில் இரண்டு வரிசை கிடக்கின்றன. அதற்கு விநியோகத்தைக் குறைசொல்ல முடியாது.

ஆனாலும் இந்த ஆண்டு சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து பல்லரோ சந்தைக்குப் போகிற வழியில் எடிகோலாவில், அதாவது பத்திரிகைக் கடையில், நின்று வாங்குகிறேன். சந்தாவைவிட விலை கூடுதல். ஆனால் வெள்ளிக்கிழமையே கையில் இருக்கிறது, காய்ந்த தாளில்.

தங்கச்சி, நீயும் சந்தா கட்டாதே, உன் தெருவில் கடை இருக்கும்வரை அங்கே வாங்கு. அடுத்த மாதம் வரும்போது பழைய இதழ்கள் நாற்பது கொண்டுவருகிறேன். ‘அவ்ரெப்பே’ வரும் இடமெல்லாம் கோடிட்டிருக்கிறேன், அந்தக் கோடுகளை அழிக்கவேண்டாம் என்று பிள்ளையிடம் சொல்.