பத்து மாதம் காத்திருந்து கண்ட முதல் ரோஜா

பண்டாரவளையில் இருக்கும் தோழி ஒருத்தி, என்னிடம் நிற்பது போன்ற ஒட்டு ரோஜாக் கன்று ஒன்றைத் தன் வீட்டு முற்றத்துக்கும் வாங்கலாமா என்று சென்ற வாரம் கேட்டாள். ஒரு சொல்லில் அவளுக்குப் பதில் தர முடியாமற் போனதால் இதை எழுதுகிறேன். குழி எவ்வளவு ஆழம், எரு எவ்வளவு என்பவை ரோஜா வளர்ப்பவர்கள் அறிந்தவைதாம். எனக்குச் சொல்ல இருப்பதெல்லாம் மொட்டைப் பற்றியது.

எங்கள் வீடு இலங்கை மலைநாட்டில் நானுஓயாவுக்கு அண்மையில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நாற்றுமேடைக்காரர் ‘பீஸ்’ வகை என்று சொல்லித் தந்த கன்றை 2024 மே மாதம் நட்டேன். பிரான்சின் பிரான்சிஸ் மெய்யாண்ட் உருவாக்கி, 1945இல் போர் முடியும் தறுவாயில் அந்தப் பெயர் சூட்டப்பட்ட ரோஜா அது. மஞ்சள் இதழும் ஓரத்தில் இளஞ்சிவப்பும் கொண்டது. தேயிலை நின்ற மண் ரோஜாவுக்குப் புளிப்பு மிகுந்தது என்பதால் டொலமைட் என்ற சுண்ணாம்புத் தூளைக் கலந்து ஒரு மாதம் ஆறவிட்டுத்தான் நட்டேன். ஜூலையில் முதல் மொட்டு வந்தது. பச்சை உறை பிளந்து மஞ்சள் நிறம் ஒரு கோடாகத் தெரிந்த அன்று காலையில் வீட்டிலுள்ள எல்லோரையும் அழைத்துக் காட்டினேன்.

அந்த மொட்டு விரியவில்லை. நான்கு நாள் மழையும் மூட்டமும் இருந்து, ஐந்தாம் நாள் அரைமணி நேரம் வெயில் அடித்தது. நனைந்திருந்த வெளியிதழ்கள் அந்த வெயிலில் காய்ந்து, பசை தடவிய கடதாசி போல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. உள்ளேயிருந்த இதழ்கள் விரியத் தள்ளியும் அந்த உறையைக் கிழிக்க முடியாமல், மொட்டு உருண்டையாகப் பருத்துப் பழுப்பாகி, சாம்பல் நிறப் பூஞ்சை பூத்துத் தலை கவிழ்ந்தது. ஜூலை முதல் டிசம்பர் வரை இப்படிப் போன மொட்டுகள் பதினொன்று. நாற்பதுக்கு மேற்பட்ட இதழ் அடுக்குகள் கொண்ட ரோஜாவுக்குத் தொடர்ந்த ஈரத்தில் நேரக்கூடியது இதுதான் என்று பின்னர் தெரிந்துகொண்டேன். கன்றை விற்றவர் அன்றே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்ற கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. எங்கள் பழைய லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு) வாசலில் யாரும் கவனிக்காமல் நிற்கும் சிறிய இளஞ்சிவப்பு ரோஜா, ஐந்தாறு இதழ்களே உடையதாதலால், அதே மழையில் நாள்தோறும் விரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

நியாயமாகச் சொல்வதானால், செடியிடம் வேறு குறை காண இயலாது. இலை ஏழு மணி நேரம் தொடர்ந்து நனைந்திருந்தாலே கரும்புள்ளி நோய் பற்றிக்கொள்ளும் என்பார்கள். எங்கள் ஊரில் இலை நாட்கணக்கில் காய்வதில்லை. புள்ளி விழுந்து பாதி இலை உதிர்ந்த பிறகும் அது தளராமல் தளிர்த்தது. நடுவில் மூன்று மாதம் மற்றெல்லாக் கிளைகளையும் முந்திக்கொண்டு ஓங்கிய ஒரு கிளையை நான் போற்றி வளர்த்தேன். அது ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பிய, ‘பீஸ்’ பூத் தராத காட்டுக்கிளை என்பதை மாமாதான் மண்ணை விலக்கிக் காட்டினார். அந்தத் தவறு முற்றிலும் என்னுடையது.

தேயிலை மலையில் முப்பது ஆண்டுகள் கவ்வாத்து வெட்டிய கை அவருடையது. டிசம்பர் கடைசியில் அந்தக் காட்டுக்கிளையை அடியோடு பிடுங்கி எறிந்துவிட்டு, மற்றக் கிளைகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டினார். ஒவ்வொரு வெட்டையும் வெளிப்புறம் பார்த்த ஒரு கணுவுக்கு மேலே சாய்வாக வைத்தார். “சாய்வா வெட்டணும் புள்ள, தண்ணி தங்குனா கட்டை செத்துரும்” என்று மட்டும் சொன்னார். வெறும் குச்சிகளாய் நின்ற செடியைப் பார்க்க எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. பனி கொட்டும் என்று அஞ்சி ஜனவரி இரவுகளில் சாக்கு போர்த்தினோம்.

தாழ்நிலத்தில் கவ்வாத்துக்குப் பின் ஆறு, ஏழு வாரத்தில் பூத்துவிடுமாம். எங்கள் குளிரில் பத்து வாரம் ஆயிற்று. மழை ஓய்ந்திருந்த மார்ச் தொடக்கத்தில், நான் கொழுந்துக் கூடையைச் சரிசெய்துகொண்டிருந்த ஒரு காலையில், அது விரிந்திருந்தது. உள்ளங்கையை நிறைக்கும் பூ. நடுவில் வெண்ணெய் மஞ்சள். அது வெளியே வர வர வெளிறி, ஓரத்தில் விரலால் தொட்டு வைத்தது போன்ற சிவப்பு. மணம் மெல்லியது, குனிந்து முகர்ந்தால்தான் தெரியும். அந்தக் குளிரில் அது ஒன்பது நாள் குலையாமல் நின்றது; முதல் நாள் கண்ட நிறம் ஒன்பதாம் நாள் இல்லை, ஒவ்வொரு காலையும் சற்றே வேறொரு பூவாக இருந்தது. ஹக்கலைப் பூங்காவின் ரோஜாப் பாத்திகளைச் சிறுவயதிலிருந்து பார்த்து வருகிறேன். அங்கே நூறு பூக்களுக்கு முன்னால் நின்ற போதும் இப்படி ஒரு பூவை நாள் நாளாகப் பார்த்ததில்லை. ஏப்ரல் முடிவதற்குள் மேலும் ஆறு பூக்கள் வந்தன.

இப்போது 2025 ஜூன். தென்மேல் பருவமழை மீண்டும் பிடித்துக்கொண்டது. செடியில் ஏழு மொட்டுகள், ஐந்து விரியாமலே பழுப்பாகிவிட்டன. தோழியின் ஊரில் நிலைமை வேறு என்பதை அறிவேன். பண்டாரவளை இருக்கும் ஊவாப் பக்கத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காற்று வறண்டது, பெருமழை ஒக்டோபருக்குப் பிறகுதான். அங்கே இதே செடி எனக்குத் தந்ததைவிட மூன்று மடங்கு பூ தரக்கூடும். அவ்வளவும் தெரிந்திருந்தும், இன்று காலை அந்த ஐந்து மொட்டுகளையும் வெட்டி எடுத்த கையோடு அவளுக்கு நான் எழுதும் பதில், வாங்காதே என்பதே. வேண்டுமானால் லயத்து வாசல் ரோஜாவில் ஒரு குச்சி வெட்டி அனுப்புகிறேன்.

மீந்த இரண்டு மொட்டுகளின் ஒட்டிய வெளியிதழ்களை நகத்தால் மெல்ல உரித்துவிட்டிருக்கிறேன். மாமா நான்கு கம்பு நட்டு மேலே பொலித்தீன் கட்டிக்கொண்டிருக்கிறார்.