டஸ்டர் கேம்பர்: ஐஸ்லாந்து மலைச்சாலையில் எதுவரை நம்பலாம்?

கூரைமேல் கூடாரம் பொருத்திய ஃபோர் வீல் டிரைவ் டேசியா டஸ்டர், இரண்டு பேருக்குத் தாராளமான வண்டி. ஆனால் எந்த ரோடு என்று முடிவு செய்துவிட்டு முன்பணம் கட்டுங்கள்.

எஃப் எழுத்தில் தொடங்கும் மேட்டுநிலச் சாலைகளுக்கு வாடகை டூ வீல் டிரைவ் வண்டிகளைக் கொண்டுபோகக் கூடாது. பனி உருகுவதைப் பொறுத்து, பெரும்பாலும் ஜூன் நடுவிலிருந்து ஒவ்வொன்றாகத் திறப்பார்கள். ஜூன் முதல் வாரப் பயணத்துக்கு இந்த வண்டி வீண் செலவு.

எஃப்35 என்று பலரும் சொல்லும் கியோலூர் ரோடு இதற்கு ஏற்றது. ஆறுகளுக்குப் பாலம் உண்டு. தகரக் கூரை மாதிரி அலையலையான சரளைதான் தொல்லை. எஃப்208-ல் வடக்கிலிருந்து லாண்ட்மன்னலோய்கர் என்ற முகாமிடத்துக்குப் போனால், முகாமுக்குச் சற்று முன்புதான் ரோட்டின் குறுக்கே ஆற்றுத் தண்ணீர். இக்கரையில் வண்டியை நிறுத்தி நடைபாலத்தில் போகலாம். ஆனால் முகாம் அக்கரையில்; நிறுத்துமிடத்தில் கூரைக் கூடாரத்தை விரித்துத் தூங்கக் கூடாது. தரையில் போடும் சின்னக் கூடாரம் ஒன்று கூடவே இருக்கட்டும்.

தோர்ஸ்மோர்க் பள்ளத்தாக்குக்குப் போகும் எஃப்249-ல் வரும் கிரோஸ்ஸா ஆற்றில் இந்த வண்டியை இறக்கவே இறக்காதீர்கள். பனியாறு வெயிலில் உருகி, மதியத்துக்கு மேல் தண்ணீர் ஏறும். காலையில் முழங்காலளவு இருந்த இடம் மாலையில் இடுப்பளவு ஆகலாம். டஸ்டரில் மெதுவாக, அதிக இழுவையோடு ஓட்ட உதவும் லோ ரேஞ்ச் கியர் கிடையாது, அடிப்பாகமும் தரையிலிருந்து 21 செ.மீ. உயரம்தான். காற்று உறிஞ்சும் குழாய் வழியே தண்ணீர் சிலிண்டருக்குள் போனால், அது அமுங்காது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்து எஞ்சினே போய்விடும். 'முழுக் காப்பீடு' என்று எழுதியிருந்தாலும் ஆற்றுச் சேதத்தைப் பெரும்பாலும் விலக்கியிருப்பார்கள். கையெழுத்துக்கு முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். தோர்ஸ்மோர்க்குக்கு உயரச் சக்கரப் பேருந்து இருக்கிறது, அதில் போங்கள்.

காற்றில் பிய்ந்துபோகும் கதவுக்கும் பணம் உங்கள் தலையில்தான். வண்டியின் மூக்கைக் காற்றுக்கு எதிராக நிறுத்தி, ஒரு கையால் கதவைப் பிடித்தபடி, ஒரு நேரத்தில் ஒரு கதவை மட்டும் திறங்கள்.

ஜூலையிலும் இரவில் குளிர் 0 டிகிரியை நெருங்கும். கூரைக் கூடாரத்தில் பெரும்பாலும் ஹீட்டர் இருக்காது. குளிர்காலத் தூக்கப்பை வேண்டும். அடுப்புக்குத் தனி பியூட்டேன் சிலிண்டர் வேண்டாம், அந்தக் குளிரில் அது சரியாக ஆவியாகாது. புரொப்பேன் கலந்ததைக் கேட்டு வாங்குங்கள்.

எஃப்26 பக்கம் போவதானால் ஹ்ரோய்னேயர் என்ற இடத்தில் டேங்கை நிரப்பிவிடுங்கள், அடுத்த பங்க் சுமார் 240 கி.மீ. தள்ளி. ஆளில்லா பங்க்குகளில் கார்டின் ரகசிய எண்ணை (PIN) கேட்கலாம்.