அறுந்தது அவர்கள் கம்பி, பழி என் கைக்கு

கல்யாணத்துக்கான தலை அலங்காரத்தை நீங்களே செய்துகொள்ளலாம் என்று முடிவெடுத்து, இணையத்தில் ‘எல்லாம் சேர்ந்த பெட்டி’ ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். கொஞ்சம் நீளம்தான். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடையின் பெயரைப் போடவில்லை. போட்டும் பயனில்லை, நான் வாங்கியபோது இருந்த பெயர் இப்போது அங்கே இல்லை.

எனக்கு வேண்டியது பெரிய ராணி கிரீடம் எதுவும் இல்லை. மெல்லிய கம்பியில் முத்தும் கல்லும் கோத்து, கொடி படர்ந்த மாதிரி வளைத்து ஒரு தலைப்பட்டை. அதற்குப் பின்னால் நெட் துணி முக்காட்டைப் பிடித்துக்கொள்ள ஒரு சீப்பு. (முக்காட்டுக்கான ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதினால் ‘வெயில்’ என்று வந்துவிடுகிறது. “கல்யாணத்தன்னைக்குத் தலையில வெயில் போட்டுக்கப் போறாளாம்” என்று அக்கா வீடு முழுக்கச் சொல்லிச் சிரித்தாள்.) கல்யாணத்துக்கு இன்னும் பத்து வாரம் இருந்தது. சின்ன வயதில் பாசி கோத்த அனுபவம் உண்டு, கை ஓரளவு பழகிய கைதான்.

அந்தப் பெட்டியின் விவரத்தில் இருந்தது இவ்வளவு: வெள்ளி முலாம் பூசிய செம்புக் கம்பி இரண்டு தடிமனில், நன்னீர் முத்து 120, கண்ணாடிக் கல் 80, நிக்கல் இல்லாத உலோகச் சீப்பு, பசை ஒரு டியூப். படம் அவ்வளவு அழகு. கேள்வி கேட்டால் ஐந்து நிமிடத்தில் பதில். அப்புறம் ஒரு செய்தி வந்தது: “மேடம், இந்தத் தளத்தில் கட்டினால் கமிஷன் போகும். நேரடியாக எங்கள் கணக்குக்கு அனுப்பினால் தள்ளுபடி தருகிறோம்.” அனுப்பினேன். என் முதல் முட்டாள்தனம் அது. தளத்தின் வழியாகக் கட்டியிருந்தால் அவர்களிடம் முறையிட்டிருக்கலாம். வங்கி அட்டையில் கட்டியிருந்தால், காலக்கெடுவுக்குள் வங்கியிடம் அந்தப் பரிவர்த்தனையை மறுத்துப் பார்த்திருக்கலாம். நேராகக் கணக்குக்குப் போன பணத்தைத் திரும்பப் பிடிப்பது ரொம்பக் கஷ்டம்.

பெட்டி வந்து சேர மூன்று வாரம் ஆனது. தனித்தனிப் பொட்டலங்கள், பட்டு ரிப்பன், நன்றி அட்டை. திறந்து பார்த்து மகிழ்ந்து, அப்படியே மூடி வைத்தேன். எண்ணவில்லை, அளக்கவில்லை. அது இரண்டாவது முட்டாள்தனம்.

வேலையைத் தொடங்கிய முதல் ராத்திரியே மெல்லிய கம்பி அறுந்தது. ஒரு முத்தைக் கோத்து, கம்பியை மடித்து, முத்தைப் பிடித்துக்கொண்டு முறுக்க வேண்டும். மூன்றாவது முறுக்கில் ‘டிக்’. சத்தம்கூடச் சரியாகக் கேட்காது, விரலுக்குத்தான் தெரியும். இறுக்கி முறுக்கிவிட்டேன் போல என்று அடுத்ததைத் தளர்வாக முறுக்கினேன். முத்து தொளதொளவென்று ஆடியது. இன்னும் ஒரு முறுக்கு கொடுத்தேன், அறுந்தது. பத்து முத்துக் கோத்தால் நான்கு கையோடு வந்தது.

விற்றவரிடம் கேட்டேன். பதில் இப்போதும் என் போனில் இருக்கிறது: “முதல் முறை செய்பவர்களுக்கு இப்படி ஆவது சகஜம் மேடம். உங்கள் கை அழுத்தம் அதிகம்.” கூடவே, பதமாக முறுக்குவது எப்படி என்று ஒரு வீடியோ. நான் அதை நம்பினேன். இரண்டு வாரம், தினமும் ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் உட்கார்ந்து ‘கை அழுத்தம்’ குறைக்கப் பயிற்சி எடுத்தேன். இதை எழுதும்போது சிரிப்பு வருகிறது, அப்போது அழுகைதான் வந்தது. எலிசபெத் ராணியே 1947 நவம்பர் 20 அன்று, தன் கல்யாணக் காலையில், தலையில் வைக்கும்போது கிரீடத்தின் சட்டம் முறிந்து, நகைப் பட்டறைக்கு அனுப்பிச் சரிசெய்து வாங்கி வைத்துக்கொண்டார் என்று எங்கோ படித்ததை நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டேன். அவருக்கு நகைக்காரர் கூப்பிடும் தூரத்தில் இருந்தார். எனக்கு இருந்தது சாட் பெட்டி.

கடையில் தயாராக வாங்கிய பொருள் உடைந்தால் யாரும் கடைக்காரரைத்தான் திட்டுவோம். நாமே செய்கிற பொருள் உடைந்தால் முதலில் நம் கையைத்தான் சந்தேகப்படுகிறோம். மட்டமான கச்சாப் பொருள் விற்பவருக்கு இது எவ்வளவு வசதி பாருங்கள். அதிலும் கல்யாண வேலை. நாள் குறித்தாகிவிட்டது, சண்டை போட நேரமில்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

உண்மையைக் கண்டுபிடித்தவர் என் மாமா. மோட்டாருக்குக் காயில் கட்டும் வேலையில் ஆயுசைக் கழித்தவர். பத்திரிகை கொடுக்க அவர் வீட்டுக்குப் போனபோது பேச்சுவாக்கில் சொன்னேன். “அந்தக் கம்பிய எடுத்துட்டு வாம்மா” என்றார். மறுநாள் கொண்டுபோனேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, தடிமன் அளக்கும் ஸ்க்ரூ கேஜில் கம்பியை வைத்துத் திருகினார்.

“இதுல எவ்வளவுன்னு போட்டிருக்கான்?”

“26 கேஜ் மாமா.”

“0.28 மில்லிமீட்டர் காட்டுது. ஏம்மா, இத வெச்சு முத்து கட்டினா அறுந்துதான் போகும். உன் கையில ஒரு கோளாறும் இல்ல.”

கேஜ் கணக்கில் எண் கூடக் கூடக் கம்பி மெலியும் என்பது எனக்குத் தெரியும். அமெரிக்க அளவும் பிரிட்டிஷ் அளவும் வேறு வேறு என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. 26 என்றால் அமெரிக்கக் கணக்கில் சுமார் 0.40 மில்லிமீட்டர், பிரிட்டிஷ் கணக்கில் சுமார் 0.46. என் கம்பி இரண்டிலும் சேராது. கேஜ் எண்ணை மட்டும் போட்டு விற்பவரிடம் மில்லிமீட்டரில் எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நல்ல செம்புக் கம்பியும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் இறுகி முறியத்தான் செய்யும், ஆனால் மூன்றாவது முறுக்கில் முறியாது.

மாமா அதோடு விடவில்லை. சட்டத்துக்கான தடித்த கம்பியைப் பிளேடால் சுரண்டினார். வெள்ளி முலாம் பூசிய செம்பு என்றால் முலாமுக்கு அடியில் சிவப்புத் தெரிய வேண்டும். எவ்வளவு சுரண்டியும் வெள்ளைதான். அலுமினியம். தலைப்பட்டை தானாக நெளிந்து ஒரு பக்கம் சரிந்துகொண்டே இருந்ததற்குக் காரணம் கிடைத்தது. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றைச் சீப்பருகே கொண்டுபோனார். டப்பென்று ஒட்டிக்கொண்டது.

அந்தச் சீப்புதான் எனக்கு அதிகம் கெடுதல் செய்தது. அதற்கு முந்தைய வாரம், முடி அலங்காரம் செய்யும் பெண்ணிடம் ஒத்திகைக்குப் போய், அரைகுறையாக முடித்த பட்டையையும் சீப்பையும் மூன்று மணி நேரம் வைத்திருந்தேன். அன்று ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் மாலை, சீப்புப் பற்கள் அழுத்திய இடத்தில் அரிப்பு. அதற்கடுத்த நாள் சிவந்து, சின்னச் சின்னக் கொப்புளம். ஹேர் ஸ்பிரேதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம். தோல் மருத்துவர் முதலில் கேட்டது: “ஜீன்ஸ் பட்டன் படும் இடத்தில் எப்போதாவது அரித்திருக்கிறதா?” அரித்திருக்கிறது. நிக்கல் ஒவ்வாமை. போட்டவுடன் தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் காட்டும். அதனால்தான் எதனால் வந்தது என்று பலருக்குப் புரிவதில்லை. இரும்பின் மேல் நிக்கல் முலாம் பூசிவிட்டு ‘நிக்கல் இல்லாதது’ என்று அட்டையில் அச்சடிப்பதை என்னவென்று சொல்வது?

காந்தம் ஒட்டவில்லை என்பதாலேயே நிக்கல் இல்லை என்று ஆகிவிடாது, கலப்பு உலோகத்தில் ஒளிந்திருக்கலாம். டைமெத்தில்கிளையாக்சைம் சேர்ந்த சோதனைத் திரவம் கிடைக்கிறது. பஞ்சில் நனைத்து உலோகத்தைத் தேய்த்தால், நிக்கல் வெளிவரும்போது பஞ்சு இளஞ்சிவப்பாகும். ஒவ்வாமை இருப்பவர்கள் அதை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. சீப்பை ஒத்திகைக்கு இரண்டு நாள் முன்பே கொஞ்ச நேரம் செருகிப் பார்ப்பதும் நல்லது.

வீட்டுக்கு வந்து முத்துப் பொட்டலத்தைக் கொட்டினேன். 120 இல்லை, 104. எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி ஒரே உருட்டு. அசல் நன்னீர் முத்தில் ஒன்றுக்கொன்று கொஞ்சமாவது வித்தியாசம் இருக்கும். முன்பல்லின் ஓரத்தில் லேசாகத் தேய்த்தால் மெல்லிய மணல் நெருடல் தெரியும். என்னுடையது வழுக்கிக்கொண்டு போனது. நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் பஞ்சை நனைத்து ஒன்றைத் துடைத்தேன். மினுமினுப்பு முழுக்கப் பஞ்சுக்கு வந்துவிட்டது, விரலில் மிஞ்சியது பிசுபிசுத்த வெள்ளை பிளாஸ்டிக் உருண்டை. (அசல் என்று நம்பும் முத்தில் இதைச் செய்யாதீர்கள். அதற்குத் துளையின் ஓரத்தை லென்ஸில் பார்த்தாலே போதும், போலியில் பூச்சு அங்கேதான் முதலில் உரிந்திருக்கும்.) கண்ணாடிக் கல்லும் கண்ணாடி இல்லை. உதட்டில் வைத்தால் கண்ணாடி சில்லென்று இருக்கும், இது வெதுவெதுப்பாக இருந்தது. ஓரத்தில் அச்சுக் கோடு வேறு. பசை, உடனடியாக ஒட்டும் ரகம். அது காயும்போது கிளம்பும் ஆவி கல்லின் மேல் வெள்ளையாகப் படிந்து பனி மூட்டமாக்கிவிடும். ஏற்கெனவே ஒன்பது கல்லை அப்படிக் கெடுத்திருந்தேன், அதற்கும் என் கையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

கல் விஷயத்தில் இன்னொன்று. ‘புத்தம் புதிய ஸ்வரோவ்ஸ்கி உதிரிக் கல்’ என்று யாராவது கைவினைக்கு விற்றால் இரண்டு முறை யோசியுங்கள். கைவினை செய்பவர்களுக்கான உதிரிக் கல் விற்பனையை அந்தக் கண்ணாடிக் கல் நிறுவனம் 2021-இல் நிறுத்திவிட்டது. பழைய இருப்பு சிலரிடம் இருக்கலாம், புதுச் சரக்கு என்றால் இடிக்கிறது.

ஸ்க்ரூ கேஜ் படம், சுரண்டிய கம்பி, உரிந்த முத்து எல்லாவற்றையும் அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ஐந்து நிமிடத்தில் பதில் தந்தவர்கள் நான்கு நாள் எடுத்துக்கொண்டார்கள். “திறந்த பாக்கெட்டைத் திருப்பி எடுப்பதில்லை மேடம்.” திறக்காமல் உள்ளே இருப்பது எப்படித் தெரியும் என்றேன். கைகூப்பும் பொம்மைப் படம் ஒன்று வந்தது. அவ்வளவுதான். விற்பனைத் தளத்தில் அவர்களைப் பற்றி உள்ளதை உள்ளபடி எழுதினேன். அன்று ராத்திரியே செய்தி: ஐந்து நட்சத்திரமாக மாற்றினால் பாதிப் பணம். அப்போதுதான் அவர்களுக்கு இருந்த மற்ற ஐந்து நட்சத்திரங்களை மறுபடி போய்ப் பார்த்தேன். செய்து முடித்த கிரீடத்தின் படம் ஒன்றில்கூட இல்லை, எல்லாம் பிரிக்காத பெட்டியின் படம். இதை வாங்கும் முன் கவனித்திருந்தால் இந்தப் பதிவே இருந்திருக்காது.

மிச்சம் இருந்தது பதினாறு நாள். தலைப்பட்டை ஆசையை விட்டுவிட்டேன். 0.4 மில்லிமீட்டர் என்று எழுதிக் கொடுத்த வேறு ஒருவரிடம் முதலில் ஐந்து மீட்டர் மட்டும் வாங்கி, மாமாவிடம் அளக்கக் கொடுத்து, சரியென்றதும் மேலும் வாங்கினேன். சோதனைத் திரவத்தில் தேறிய பித்தளைச் சீப்பு ஒன்று, 22 முத்து, பசையே இல்லாமல் கம்பிக்கட்டு மட்டும். சீப்பின் பற்களுக்கு மேலே உள்ள பட்டையில் ரிப்பனைச் சுற்றி, தோலில் உலோகம் படுவதைக் குறைத்தேன். நான்கு ராத்திரியில் முடிந்தது. ஒரு இடத்தில்கூட அறுந்துபோகவில்லை. ‘கை அழுத்தம்’ அதேதான்.

பணம் வரவில்லை. தளத்துக்கு வெளியே கட்டிய பணம் என்று சொல்லி என் புகாரை மூடிவிட்டார்கள். அந்தப் பெட்டி வேறு பெயரில், அதே படத்தோடு இன்னும் விற்பனையில் இருக்கிறது. முத்துக்களை நீல வெல்வெட் துணியில் பரப்பியிருப்பார்கள், வலது மூலையில் துணி லேசாகக் கிழிந்திருக்கும். அந்தப் படத்தைப் பார்த்தால் நகர்ந்துவிடுங்கள்.