ஹெஸ்கோ கூடைச் சுவர்: ஆப்கான் விமானத் தளங்களில் எதைத் தாங்கியது, எங்கே கைவிட்டது

பக்ராம், காந்தஹார், ஹெல்மந்தின் கேம்ப் பாஸ்டியன். 2001க்குப் பிறகு ஆப்கானிஸ்தானில் அமெரிக்க, பிரிட்டிஷ் படைகள் இருந்த எந்தத் தளத்தின் படத்திலும் பெரிய பெட்டிகளை வரிசையாக வைத்தது போன்ற மண் சுவர் தெரியும். அதுதான் ஹெஸ்கோ. லீட்ஸ் நகரைச் சேர்ந்த முன்னாள் சுரங்கத் தொழிலாளி ஜிமி ஹெசல்டன் கரை அரிப்பையும் வெள்ளத்தையும் தடுக்கச் செய்த கூடை, 1991 வளைகுடாப் போரில் ராணுவத்தின் கைக்குப் போனது. துத்தநாகம் பூசிய எஃகுக் கம்பி வலை, உட்புறம் கனத்த ஜியோடெக்ஸ்டைல் துணி, மூலைகளில் சுருள் கம்பி, அவ்வளவுதான். குண்டைத் தடுப்பது கம்பியும் துணியும் அல்ல, உள்ளே போகும் மண். இதை மறப்பதால்தான் பெரும்பாலான கோளாறுகள் வருகின்றன.

அதனால் முதலில் மண் கணக்கு. கூடைகள் பல அளவில் வரும், அளவுக்கு ஒரு 'மில்' எண் உண்டு. மில் 1 வகை 1.37 மீட்டர் உயரம், 1.06 மீட்டர் அகலம், 10 மீட்டர் நீளம். அதை நிரப்ப ஏறத்தாழ 14.5 கன மீட்டர் மண் வேண்டும். கன மீட்டருக்கு 1.6 டன் என்று வைத்தால் 23 டன். மில் 7 வகைக்கு (2.21 மீட்டர் உயரம், 2.13 அகலம், 27.74 நீளம்) 130 கன மீட்டர், அதாவது 200 டன்னுக்கு மேல். துப்பாக்கிக் குண்டுக்கும் வெடிச் சிதறலுக்கும் 60 சென்டிமீட்டர் தடிமன் போதும். பெரும்பாலான கார் குண்டுகளுக்கு 1.2 மீட்டர், ஆர்.பி.ஜி.க்கு (தோளில் வைத்துச் சுடும் ராக்கெட் குண்டு) 1.5 மீட்டர். அப்படியென்றால் மில் 1 ஒற்றை வரிசை ஆர்.பி.ஜி.க்குப் பற்றாது, இரட்டை வரிசை வேண்டும்.

வேலையில் அவசரம் கூடாது. தரையை மட்டம் பார்த்துச் சீவி, கூடையை இழுத்து விரித்து, அடுத்த கூடையின் சுருளோடு சுருளைக் கோத்துப் பின்னைச் செருக வேண்டும். அடியில் தொங்கும் துணி மடிப்பை உள்பக்கமாகத் திருப்பிவிட வேண்டும். வெளியே கிடந்தால் மண் அந்த வழியாகவே ஒழுகும். கூடைக்குள் வரிசையாக இருக்கும் அறைகளில் ஒன்றை முழுதாக நிரப்பிவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது. எல்லா அறைகளிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் திமிசுக்கட்டையால் இடித்து மேலே வர வேண்டும். இல்லையென்றால் நிறைந்த அறை காலி அறையின் பக்கம் வயிறு தள்ளும். பிறகு அதை நிமிர்த்த வழியில்லை, வெட்டி எடுத்துத்தான் மறுபடி நிரப்ப வேண்டும்.

மணலும் சரளையும் கலந்த மண் நல்லது. களிமண் மழையில் ஊறி உப்பும், காய்ந்ததும் அமுங்கும், மேலே இடைவெளி விழும். தென் ஆப்கானிஸ்தானின் மாவு போன்ற தூசி மண்ணுக்குத் துணியில் ஒரு சிறு கிழிசல் கிடைத்தாலே போதும். துணிக்கு எதிரி வெயில்: சில ஆண்டுகளில் நைந்து, தொட்டால் உதிரும். வருடக்கணக்கில் நிற்கப்போகிற சுவர் என்றால் வெளிப்பக்கம் மண் அணைக்கவோ துணி மாற்றவோ தொடக்கத்திலேயே திட்டமிட வேண்டும்.

சுவரின் உயரத்தை, மண்ணை அள்ளிக் கொட்டும் லோடர் இயந்திரத்தின் கைதான் தீர்மானிக்கிறது. 2008 ஜூலையில் கிழக்கு ஆப்கானிஸ்தானின் வனாத் காவல் நிலையில் இருந்தது பாப்கேட் என்ற சிறிய லோடர் ஒன்றுதான். ஏழடிக் கூடையின் உச்சிக்கு அது எட்டாததால் கூடைகளை வெட்டிக் குட்டையாக்கினார்கள். நிலை முழுதாக அமையும் முன்பே, ஜூலை 13 அன்று நடந்த தாக்குதலில் 9 அமெரிக்கப் படையினர் இறந்தனர். வேலை முடியாமல் போனதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் கூடையைக் கேட்டு எழுதும் அதே தாளில் லோடரையும் டீசலையும் எழுத வேண்டும் என்பதை இதைவிட வலியோடு சொல்ல முடியாது.

விமானத் தளத்தில் இரண்டு எச்சரிக்கை. ஓடுதளம், டாக்ஸிவே (விமானம் ஓடுதளத்துக்கு ஊர்ந்து போகும் பாதை) ஓரத்தில் கிழிந்த கூடையிலிருந்து சரளை உருண்டால், ஜெட் எஞ்சின் அதை உறிஞ்சிவிடும். அங்கே கல் கலக்காத மண்ணே போட வேண்டும், வாரந்தோறும் துணியைப் பார்க்க வேண்டும். மற்றது, இதற்குக் கூரை கிடையாது. பக்கத்தில் விழும் மோர்ட்டார் குண்டின் சிதறலை நிறுத்தும், நேரே தலைமேல் விழுவதை நிறுத்தாது.

காவலுக்கு ஆள் இல்லாத குறையையும் இது ஈடுசெய்யாது. 2012 செப்டம்பர் 14 இரவு பாஸ்டியனில் 15 தாலிபான்கள் வேலியை வெட்டி உள்ளே வந்து 6 ஹாரியர் விமானங்களை அழித்தார்கள். அமெரிக்க மரைன் படையினர் இருவர் இறந்தனர். அன்று 24 காவல் கோபுரங்களில் 11இல்தான் ஆள் இருந்தது.

தலைகீழ் 'T' வடிவக் கான்கிரீட் பலகைகளை நிறுத்திக் கட்டும் டி-சுவர் இடம் குறைவாக அடைக்கும், பல வருடம் நிற்கும். ஆனால் கிரேன் வேண்டும், டன் கணக்கில் லாரியில் ஏற்ற வேண்டும். ஹெஸ்கோவுக்கு மண் அங்கேயே கிடைக்கும். புதிதாக இறங்கும் தளத்துக்கு இதுவே சரி. கழற்றக்கூடிய இணைப்புப் பின் உள்ள வகையைக் கேட்டு வாங்குங்கள்: தளத்தை மூடும் நாளில் பின்னை உருவினால் மண் சரிந்துவிடும், கூடையை மடித்து எடுத்துக்கொள்ளலாம். பழைய வகையில் ஒவ்வொரு கம்பியையும் வெட்டியாக வேண்டும்.