திருமணத்துக்கு முன் தலசீமியா பரிசோதனை: சேலம் மையம் ஒன்றில் எங்கள் அனுபவம்

முதலில் மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன். பரிசோதனையின் தரத்துக்கு ஐந்துக்கு நாலரை. மரபியல் ஆலோசகருக்கு ஐந்துக்கு ஐந்து. வரவேற்பு மேசைக்கு இரண்டு. மையத்தின் பெயரை எழுதவில்லை. குறைகளையும் சொல்லப் போகிறேன். அவற்றில் பல எந்த ஊர் மையத்திலும் இருக்கக்கூடியவை. பெயரைவிட, இப்படி ஓர் இடத்துக்குப் போனால் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதுதான் படிப்பவர்களுக்குப் பயன்படும்.

நான் தர்மபுரியில் மருந்துக்கடை நடத்துகிறேன். டி.பார்ம் படித்தவள். என் மகளுக்கும் என் அண்ணன் மகனுக்கும் திருமணம் பேசி முடித்திருந்தோம். எங்கள் பக்கத்தில் மாமன் மகன் இருக்கும்போது வெளியில் தேடுவதில்லை. சொந்தத்துக்குள் திருமணம் என்பதாலேயே பரிசோதனை செய்துவிட வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். காரணம், எங்கள் கடையில் மாதம் தவறாமல் டெஃபராசிராக்ஸ் மாத்திரை வாங்கும் ஒரு குடும்பம். அந்தப் பையனுக்குத் தலசீமியா மேஜர், அதாவது பெற்றோர் இருவரிடமிருந்தும் பிழையான மரபணு வந்து, உடம்பு போதிய ஹீமோகுளோபின் செய்ய முடியாத நோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு பை ரத்தத்தோடும் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு உடம்புக்குள் போகிறது. அதை வெளியேற்றும் வழி நம் உடம்பில் இல்லை. அது இதயத்திலும் கல்லீரலிலும் படியும். அதை வெளியே இழுக்கத்தான் அந்த மாத்திரை. பெற்றோர் இருவரும் சொந்தம். இருவருமே தலசீமியா மைனர் (ஒரு பிழையான மரபணு மட்டும் இருப்பவர்கள்) என்பது குழந்தைக்கு உடம்பு வெளுத்த பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது. இந்தியாவில் ஆண்டுதோறும் 10 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இந்த நோயோடு பிறப்பதாக மதிப்பிடுகிறார்கள். திருமணத்துக்கு முன் ஒரு குழாய் ரத்தம் கொடுத்திருந்தால் அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கும்.

இனி மையத்துக்கு வருகிறேன். முதலில் உள்ளூரிலேயே சாதாரண ரத்த எண்ணிக்கைப் பரிசோதனை செய்துகொண்டோம். மகளுக்கு ஹீமோகுளோபின் 10.6. இதைப் பார்த்ததும் யாரும் இரும்புச்சத்து மாத்திரை எழுதிவிடுவார்கள். ஆனால் அதே தாளில் எம்சிவி, அதாவது சிவப்பணுவின் சராசரி அளவு, 64, சிவப்பணு எண்ணிக்கை 56 லட்சம் என்று இருந்தது. இரும்புச்சத்துக் குறைவில் சிவப்பணுக்கள் சிறுத்துப் போவதோடு எண்ணிக்கையும் குறையும். தலசீமியா மைனரில் சிறுத்துப் போகும், ஆனால் எண்ணிக்கை கூடுதலாக இருக்கும். எம்சிவியை எண்ணிக்கையால் வகுத்து, 13-க்குக் கீழே வந்தால் தலசீமியாவைச் சந்தேகப்படலாம் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. மென்ட்சர் குறியீடு என்பார்கள். 64-ஐ 5.6-ஆல் வகுத்தால் 11.4. அந்தத் தாளோடுதான் சேலம் போனோம்.

ரத்தம் எடுத்த பெண் கைதேர்ந்தவர். ஒரே குத்து, ஊதா மூடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம், வெறும் வயிறும் தேவையில்லை. எச்பிஎல்சி பரிசோதனைக்கு ஒருவருக்கு 950 ரூபாய். ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் கருவி இது. பெரியவர்களின் ஹீமோகுளோபினில் மிகப் பெரும்பகுதி ஏ வகை. ஏ2 வகை இரண்டு மூன்று சதவீதம்தான். பீட்டா தலசீமியா மைனரில் அந்த ஏ2 மூன்றரைக்கு மேல் போகும். மகளுக்கு 5.3. சந்தேகத்துக்கு இடமே இல்லை. அண்ணன் மகனுக்கு 3.4.

இந்த 3.4 விஷயத்தில்தான் மையம் என் மரியாதையைப் பெற்றது. எல்லைக் கோட்டுக்குக் கீழே இருக்கிறது, ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தால் நாங்கள் நிம்மதியாக வீடு திரும்பியிருப்போம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. பையனின் எம்சிவி 66 ஆக இருப்பதைப் பார்த்துவிட்டு, அதே ரத்தத்தில் உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவும் பார்த்தார்கள். அது 8. கடுமையான இரும்புச்சத்துக் குறைவு. இரும்பு குறைந்தால் ஏ2 அளவும் இறங்கும். மைனர் ஒருவர் அதில் மறைந்துகொள்ள முடியும். இரும்பு கொடுத்து மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம், அல்லது ஹீமோகுளோபினின் ஒரு பகுதியைச் செய்யும் பீட்டா குளோபின் மரபணுவையே படித்துவிடலாம் என்று இரண்டு வழிகளைச் சொன்னார்கள். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம். ஒருவருக்கு 5,500 ரூபாய், மகளுக்கும் சேர்த்துக் கொடுத்தோம். சொன்ன நாளைத் தாண்டி ஒரு வாரம் கழித்துத்தான் அறிக்கை வந்தது. திருமண மண்டபத்துக்கு முன்பணம் கட்டியிருக்கும் குடும்பத்துக்கு அந்த ஒரு வாரம் நீளமானது. தாமதம் ஆகும் என்று ஒரு தொலைபேசி அழைப்பாவது செய்திருக்கலாம்.

இருவரிடமும் ஒரே பிழை: ஐவிஎஸ் 1-5 என்று பெயர், மரபணுவில் ஜி என்ற எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் சி. இந்தியாவில் பீட்டா தலசீமியாவுக்கு மிக அதிகமாகக் காணப்படும் காரணம் இதுதானாம்.

ஆலோசகரோடு முக்கால் மணி நேரம் உட்கார்ந்தோம். நான், அண்ணன், அண்ணி, மகள், அண்ணன் மகன், எல்லோரும். ஆலோசகர் இளம்பெண், என் மகளைவிட நாலைந்து வயதுதான் மூத்தவராக இருப்பார். "அம்மா, உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் எல்லோருக்கும் சேர்த்து ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்" என்று தொடங்கினார். பன்னிரண்டாம் வகுப்பில் எனக்கு யாரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

பீட்டா குளோபின் மரபணு 11-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. சுமார் 1,600 எழுத்துகள், சிறிய மரபணு. அதிலிருந்து உருவாகும் புரதம் 146 அமினோ அமிலங்களால் ஆனது. ஆனால் 1,600 எழுத்துகளும் புரதமாவதில்லை. நகல் எடுத்த பிறகு நடுவில் இரண்டு துண்டுகளை வெட்டி எறிந்துவிட்டு மீதியை ஒட்டிக்கொள்கிறது செல். எங்கள் பிழை, எறியப்பட வேண்டிய முதல் துண்டின் ஐந்தாவது எழுத்தில். எறியப்போகும் துண்டில் என்ன எழுத்து இருந்தால் என்ன என்று அண்ணன் கேட்டார். நல்ல கேள்வி. அதற்கு ஆலோசகர் அண்ணியைப் பார்த்து, புடவையோடு சேர்ந்து வரும் ரவிக்கைத் துணியை எங்கே வெட்ட வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள் என்றார். கோடு இருக்குமே என்றார் அண்ணி. அந்தக் கோடு அழிந்திருந்தால் வேறு இடத்தில் கத்தரி விழும். அந்த ஐந்தாவது எழுத்து வெட்டும் கோட்டின் ஒரு பகுதி என்றார். அண்ணன் தலையாட்டினார். எட்டாம் வகுப்போடு நிறுத்தியவர் அவர். அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்விகள்தான் கூடுதல்.

எனக்குப் புதிதாக இருந்தது இது: அரிவாள் செல் சோகையில் பீட்டா புரதத்தின் ஆறாவது அமினோ அமிலம் மாறிப்போகிறது, குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின். அங்கே புரதமே தவறு. எங்கள் பிழையில் உருவாகிற கொஞ்சம் பீட்டா புரதம் முழுக்கச் சரியானது. சரியான வெட்டு அரிதாக விழுவதால் அளவுதான் போதவில்லை. ஒரு ஹீமோகுளோபினுக்கு இரண்டு ஆல்ஃபா புரதச் சங்கிலிகள், இரண்டு பீட்டா சங்கிலிகள் வேண்டும். ஆல்ஃபா 16-ஆவது குரோமோசோமிலிருந்து வழக்கம் போல வந்துகொண்டே இருக்கும். துணை கிடைக்காத ஆல்ஃபா சங்கிலிகள் படிந்து, எலும்பு மஜ்ஜைக்குள்ளேயே சிவப்பணுக்களைப் பிறக்கும் முன் அழித்துவிடுகின்றன. சோகைக்குப் பெரிய காரணம் பீட்டா இல்லாதது மட்டுமல்ல, ஆல்ஃபா மிஞ்சிப் போவதும்தான். மருந்துக்கடையில் இத்தனை ஆண்டுகள் உட்கார்ந்திருந்தும் யாரும் எனக்கு இதைச் சொன்னதில்லை.

குழந்தை பிறக்கும்போது ஏன் நன்றாக இருக்கிறது என்பதையும் கேட்டோம். கருவில் பீட்டாவுக்குப் பதில் காமா சங்கிலி வேலை செய்கிறது. பிறந்த சில மாதங்களில் காமா அணைந்து பீட்டா பொறுப்பேற்கிறது. நோய் அப்போதுதான் வெளிப்படுகிறது. அணைந்த காமாவை மறுபடி எழுப்புவதுதான், தலசீமியாவுக்கு 2023-இல் பிரிட்டனும் 2024 ஜனவரியில் அமெரிக்காவும் அனுமதித்த, மரபணுவைத் திருத்தும் கிறிஸ்பர் சிகிச்சை. அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர். விலையைச் சொன்ன கையோடு, வேலூர் சிஎம்சியில் 1980-களிலிருந்தே எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை நடக்கிறது, பொருத்தமான கொடையாளர் கிடைத்தால் குணமாக்க முடியும் என்பதையும் ஆலோசகர் சொன்னார். பயமுறுத்தவும் இல்லை, பொய்யான ஆறுதலும் இல்லை.

அண்ணிக்கு ஒரு கேள்வி இருந்தது. இது எந்தப் பாவத்தால் வந்தது என்றார். ஆலோசகர் அதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மலேரியா பரவியிருந்த நிலங்களில், ஒரு பிழைப் பிரதி வைத்திருந்தவர்கள் மலேரியாவுக்குப் பலியாகாமல் கூடுதலாகப் பிழைத்திருக்கிறார்கள். மத்தியதரைக் கடல் ஓரத்திலிருந்து இந்தியா வழியாகத் தென்கிழக்கு ஆசியா வரை இந்த மரபணுக்கள் நிலைத்ததற்கு அதுவே காரணம் என்று விளக்கினார். ஹால்டேன் என்ற விஞ்ஞானி 1949-இலேயே இந்தக் கருத்தை முன்வைத்தாராம். உங்கள் முன்னோர் யாரோ காய்ச்சலில் சாகாமல் இருந்ததால் இது உங்களிடம் வந்திருக்கலாம் என்றார். அண்ணி அதன் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

கணக்கு எளிது. இருவரும் மைனர் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு மேஜர், நாலில் இரண்டு மைனர், ஒன்று எதுவும் இல்லாமல். முதல் குழந்தை நன்றாகப் பிறந்தது என்பதற்காக இரண்டாவதற்கு வாய்ப்பு மாறாது. பிழை எதுவென்று தெரிந்துவிட்டதால், கருவுற்ற 11-ஆவது வாரத்துக்குப் பிறகு நச்சுக்கொடியிலிருந்து சிறு திசு எடுத்துக் கருவுக்கு மேஜரா என்று பார்த்துவிடலாம். திருமணம் செய்துகொள் என்றோ வேண்டாம் என்றோ ஆலோசகர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் நேரடியாகக் கேட்டும் சொல்லவில்லை. அவர்கள் இருவரையும் தனியே கால் மணி நேரம் பேச விட்டார், எங்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு. திருமணம் நடக்கிறது. கருவுற்றால் பரிசோதனை செய்வதென்று அவர்களே பேசி முடிவெடுத்தார்கள்.

இப்போது குறைகள். வரவேற்பில் இருந்தவர் கூடம் முழுக்கக் கேட்கும்படி "தலசீமியா, கல்யாணப் பொண்ணு யாரு?" என்று அழைத்தார். அங்கே எங்கள் ஊர்க்காரர் ஒருவர் இருந்திருந்தால் மாலைக்குள் தெருவெல்லாம் தெரிந்திருக்கும். மைனர் என்பது நோய் அல்ல. ஆனால் பெண்ணுக்கு நோய் என்று ஊர் பேசத் தொடங்கினால் யார் விளக்குவது? எண்ணைச் சொல்லி அழைக்க ஒரு செலவும் இல்லை. இதற்காகத்தான் இரண்டு மதிப்பெண்.

அதே மேசையில், சொந்தத் திருமணம் என்று கேட்டதும் நூற்றுக்கணக்கான நோய்களைப் பார்க்கும் தொகுப்புப் பரிசோதனையை 18,000 ரூபாய்க்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அந்தப் பரிசோதனை வீண் என்று சொல்ல மாட்டேன். மாமன் அத்தை பிள்ளைகள் தங்கள் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கைப் பகிர்ந்துகொள்கிறார்கள். மறைந்திருக்கும் பிழை இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் இதை ஆலோசகர் குடும்ப வரலாற்றைக் கேட்டுச் சொல்ல வேண்டும், பணம் வாங்கும் இடத்தில் விற்கக் கூடாது. பொருள் இன்னதென்று உறுதியாகாத மாற்றங்களும் அதில் வரும். விளக்க ஆள் இல்லாமல் அதைக் கையில் வாங்குவது கொடுமை.

அறிக்கை முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் அரைப் பக்கச் சுருக்கம் கொடுத்தால் போதும். ஆலோசகர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருகிறார் என்பதை முன்பதிவின்போது யாரும் சொல்வதில்லை. அவர் இல்லாத நாளில் அறிக்கையை மட்டும் வாங்கி வருபவர்களை நினைத்தால் மனம் பதறுகிறது.

பிழை இருவரிடமும் ஒன்றே என்பதால் அது எங்கள் அம்மா அப்பா இருவரில் ஒருவரிடமிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். அண்ணனும் நானும் பரிசோதித்தோம், இருவரும் மைனர். அப்பா இப்போது உயிரோடு இல்லை. அம்மாவுக்கு எச்பிஎல்சி செய்ததில் ஏ2 5.1. அம்மாவோடு பிறந்தவர்கள் நால்வர், அவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று கிளைகள் எங்கெங்கோ போகின்றன. குடும்பத்தில் வேறு யாரைப் பரிசோதிக்க வேண்டும் என்று ஆலோசகர் வரைபடம் போட்டுக் கையெழுத்தோடு கொடுத்தார். இதற்குத் தனிக் கட்டணம் இல்லை. அந்த ஒரு தாளுக்காகவே இந்த மையத்தைப் பரிந்துரைப்பேன்.

போகிறவர்கள் இதைச் செய்யுங்கள். ஆலோசகர் இருக்கும் நாளைக் கேட்டு முன்பதிவு செய்யுங்கள். சமீபத்திய ரத்த எண்ணிக்கைத் தாளும், ஃபெரிட்டின் பார்த்திருந்தால் அதுவும் கையில் இருக்கட்டும். மூன்று மாதத்துக்குள் ரத்தம் ஏற்றியிருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், கொடையாளரின் ரத்தம் எச்பிஎல்சி முடிவைக் குழப்பிவிடும். பணம் சிரமம் என்றால் அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எச்பிஎல்சி செய்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். அறிக்கை வந்ததும் பிழையின் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கருவைப் பரிசோதிக்கும்போது மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.