ரீஃபண்ட் பேச்சே எடுக்காத வரி ஏஜெண்ட்

மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பிறை ஊரில் பகலில் ஒரு தொழிற்சாலையில் கிராணி (குமாஸ்தா) வேலை. ராத்திரியில் வீட்டில் புடவைக்கு பிளவுஸ் தைக்கிறேன். தீபாவளிக்கு முந்தின இரண்டு மாதம் தூக்கமே கிடையாது. சம்பளத்தோடு தொழில் வருமானமும் இருந்தால் சம்பளக்காரர்களின் பிஇ வரி பாரம் செல்லாது, தொழில் செய்கிறவர்களின் பி பாரம்தான் போடணும் என்பதே 2024 வரைக்கும் எனக்குத் தெரியாது.

அதுவரை எனக்கு வரி பாரம் போட்டவர் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) வீடு வீடாக வருகிற ஒருவர். ரீஃபண்ட் வாங்கித் தருவார், அதில் 100க்கு 20 அவருக்கு. ஒரு வருஷம் 620 வெள்ளி (ரிங்கிட்) வந்தது, 124 வெள்ளியை எண்ணிக் கொடுத்தேன். கெட்டிக்காரர் என்று ஆபீசில் நாலு பேருக்குச் சிபாரிசு வேறு செய்தேன். வரி இலாகாவின் மைடேக்ஸ் இணையத்தளத்தில் என் கணக்கின் கடவுச்சொல்லும் அவரிடம்தான் இருந்தது.

2024 பிப்ரவரியில் வரி இலாகாவிலிருந்து கடிதம். இரண்டு வருஷத்து ரசீதுகளைக் கொண்டுவரச் சொல்லி. பாரத்தைத் திறந்து பார்த்தால், பெற்றோர் வைத்தியச் செலவு 8,000 வெள்ளி என்று இருக்கிறது. என் அம்மா அரசாங்கக் கிளினிக்கில் காலையிலேயே போய் நம்பர் எடுத்து மாத்திரை வாங்கி வருகிறவர். அவருக்கு எங்கே 8,000 வெள்ளி வைத்தியம் பார்த்தேன்? அந்த வரிக் கழிவுக்கு உச்ச வரம்பே 8,000தான். மனுஷர் ஒரு வெள்ளி மிச்சம் வைக்காமல் போட்டிருக்கிறார். போன் செய்தால் எடுக்கவில்லை. பாரம் என் பெயரில் இருப்பதால் பதில் சொல்ல வேண்டியதும் நான்தான். வாங்கிய ரீஃபண்டைத் திருப்பிக் கட்டினேன், அதற்கு மேல் அபராதமும் கட்டினேன். அவருக்குக் கொடுத்த 20 பங்கு போனது போனதுதான்.

இந்தச் சமயத்தில் பிளவுஸ் வாங்க வந்த ஓர் அக்கா சொன்னதுதான், ஜார்ஜ்டவுனில் லெபோ குயின் தெரு மாரியம்மன் கோவிலுக்குக் கொஞ்சம் தள்ளி, பழைய கடைவீட்டு மாடியில் இருக்கும் இந்த வரி ஏஜெண்ட் ஆபீஸ். பெயரை இதில் எழுதட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம்மா, ஜூன்ல இருக்கிற கூட்டமே தாங்கலை" என்றார் ஏஜெண்ட். அதனால் எழுதவில்லை.

பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் போகும்போதே லைசென்ஸ் நம்பரைக் கேட்டு வாங்கி, வரி இலாகா இணையத்தளத்தில் ஏஜெண்டுகள் பெயர் இருக்கும் இடத்தில் தேடிப் பார்த்துவிட்டேன். 1967 வருமான வரிச் சட்டம் 153வது பிரிவின்படி நிதி அமைச்சு கொடுக்கும் லைசென்ஸ் அது. கையில் கம்ப்யூட்டர் இருக்கிறவரெல்லாம் வரி ஏஜெண்ட் ஆகிவிட முடியாது. இவருக்கு இருந்தது. கடவுச்சொல்லும் கேட்கவில்லை, ஏஜெண்டுக்கு என்று தனி நுழைவு இருக்கிறதாம்.

முதல் நாள் ஒரு மணி நேரம் கேள்விதான் கேட்டார். மாதம் எத்தனை பிளவுஸ், லைனிங் துணி எங்கே வாங்குகிறீர்கள், ஊக்கு, நூல், ஓவர்லாக் மிஷின் எப்போது வாங்கினீர்கள். மிஷின் 1,850 வெள்ளி. 2,000 வெள்ளிக்கு மேற்படாத சாமான் என்பதால் அந்த வருஷமே முழுசாகக் கழித்துக்கொள்ளலாம் என்றார். கரண்ட் பில்லை முழுசாக நீட்டினேன். "ஃபிரிட்ஜும் பிளவுஸ் தைக்குதா?" என்று கேட்டு, தையல் அறைக்கு ஆகிற பங்கை மட்டும் எடுத்துக்கொண்டார். எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று இரண்டு தடவை கேட்டுப் பார்த்தேன். இரண்டு தடவையும் "கணக்கு முடியட்டும்" என்றதோடு சரி. விட்டுப்போன பழைய தையல் வருமானத்தையும் நாமே முன்வந்து சொல்லிவிடலாம் என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனாலும் சொன்னோம்.

பெட்டியில் கிடந்த ரசீதுகளில் பாதி வெறும் வெள்ளைத் தாளாகிவிட்டன. 7 வருஷம் வைத்திருக்க வேண்டியவை, அந்தத் தாளோ ஒரு வருஷம்கூடத் தாங்குவதில்லை. வாங்கின அன்றைக்கே போட்டோ எடுத்து வைக்கச் சொன்னார். இப்போது அப்படித்தான்.

கூலி முதல் வருஷம் 350 வெள்ளி. பழைய ஆளை நினைத்தால் அதிகம். ஆனால் ரீஃபண்ட் வந்தாலும் வராவிட்டாலும் அதே 350தான்.

குறை இல்லாமல் இல்லை. பி பாரத்துக்கு ஜூன் 30 கெடு, இணையத்தில் போட்டால் ஜூலை 15 வரை. மே முடிந்து போனால் வாட்ஸ்அப்பில் பதில் வர மூன்று நாள் ஆகும். முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண் சிரிக்கவே மாட்டாள். அனுப்புவதற்கு முன் சரிபார்க்கக் கொடுத்த நகலில், டிப்ளோமா படிக்கிற என் மகளுக்கு 8,000 வெள்ளிக் கழிவு போடாமல், சின்னப் பிள்ளைக்குப் போடும் 2,000ஐப் போட்டிருந்தார்கள். நான்தான் கண்டுபிடித்தேன். ஏஜெண்ட் சாக்குச் சொல்லாமல் திருத்திக்கொடுத்தார். எனக்கு அது போதும். நகலைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால்?

அடுத்த வருஷம் வரி இலாகாவிலிருந்து சிபி500 என்ற கடிதம் வரும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆறு தவணையாக முன்கூட்டியே வரி கட்டச் சொல்வார்கள், பயப்படாதீர்கள் என்று அப்போதே சொல்லி வைத்தார். மார்ச்சுக்கு முன்னாலேயே கடிதம் வந்தது. இலாகா உறையைப் பார்த்ததும் கை நடுங்கியது உண்மைதான்.

மாடிப்படி செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான். முட்டிவலி உள்ளவர்கள் கீழே இருந்து போன் போட்டால் அந்தச் சிரிக்காத பெண்ணே இறங்கி வந்து ஃபைலை வாங்கிக்கொள்வாள். காரில் போகாதீர்கள், பார்க்கிங் கிடைக்காது.